வாய்தா வளர்த்த பிள்ளை

'குழந்தையின் நலனே முதன்மை' என்று சொல்லாத குடும்ப நல நீதிமன்றம் இந்த நாட்டில் கிடையாது. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கஸ்டடி மனுவில் முதல் பத்தி அதுதான், எதிர்மனுவில் முதல் பத்தி அதுதான், தீர்ப்பில் கடைசிப் பத்தியும் அதுதான். நடுவில் ஓடும் வருஷங்களில் மட்டும் அந்த நலனுக்கு வாய்தா.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. விக்டோரியா மகாராணியே ஆண்ட காலத்துச் சரக்கு. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பாதுகாவலரை விட்டுப் பிள்ளை போய்விட்டால், திரும்பச் சேர்ப்பிப்பதற்காகப் பிள்ளையைக் கைது செய்யவே நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது அதன் 25-ஆம் பிரிவு. சண்டை போட்டவர்கள் அப்பாவும் அம்மாவும், கைதாகிறவர் யூ.கே.ஜி. படிக்கிறவர்.

சுதந்திர இந்தியா 1956-இல் இந்துக்களுக்குத் தனிச்சட்டம் போட்டது. அதன்படி இயற்கைப் பாதுகாவலர் அப்பா. அவருக்குப் பிறகுதான் அம்மா. ஆனால் ஐந்து வயது முடியும்வரை பிள்ளை பொதுவாக அம்மாவிடம் இருக்கும். அதாவது, பால் கொடுக்கவும் காய்ச்சலுக்குக் கண்விழிக்கவும் அவள். கையெழுத்துப் போட அவர். அப்பா உயிரோடு இருந்தும் பிள்ளையைக் கவனிக்காதபோது அம்மா பாதுகாவலராகலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றவள் பிள்ளைக்கு உரியவள்தான் என்று கண்டுபிடிக்க 43 வருஷம்! அதே 1956 சட்டத்தில் இன்னொரு முத்தும் உண்டு: மணமான சிறுமிக்கு இயற்கைப் பாதுகாவலர் கணவர். குழந்தைத் திருமணத்தைத் தடை செய்தோம். மாப்பிள்ளையின் பதவியைப் பறிக்க மறந்துவிட்டோம்.

இவையெல்லாம் ஏட்டில் இருப்பவை. நடப்பில் செல்லுபடியாகும் சட்டம் ஒன்றே: முதலில் தூக்கியவர் ஜெயிப்பார். பள்ளிக்கூட வாசலிலிருந்து பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். அப்பாவானாலும் சரி, அம்மாவானாலும் சரி, பிறகு நல்ல வக்கீல் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்மனுவுக்கு ஒரு வாய்தா, சமரச மையத்துக்கு நாலு வாய்தா, வக்கீல் சங்கப் புறக்கணிப்புக்கு ஒன்று, நீதிபதி மாற்றலுக்கு ஒன்று, கோடை விடுமுறை இலவசம். எல்லாம் முடிந்து நீதிமன்றம் நிமிர்ந்து பார்க்கும்போது, பிள்ளை அந்த வீட்டுக்குப் பழகியிருக்கும். "பழகிய சூழலைக் கலைப்பது குழந்தையின் நலனுக்கு உகந்ததல்ல" என்று உத்தரவு வரும். பழக விட்டது யார் என்ற கேள்விக்கு அந்த உத்தரவில் இடமில்லை.

இடைப்பட்ட காலத்தில் மற்றவருக்கு விசிட்டேஷன், அதாவது பிள்ளையைப் பார்க்கும் உரிமை, உண்டு. நீதிமன்ற வளாகத்தில் ஒரு மணி நேரம், பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்த்தரப்பு முறைத்துக்கொண்டிருக்கப் பாசம் காட்டலாம். வரும் பிள்ளை மிரண்டு அழுதால், "பார்த்தீர்களா, வர மறுக்கிறது" என்று அடுத்த மனு தயார்.

நீதிபதி அறைக்குள் கூப்பிட்டுப் பிள்ளையையே கேட்பதும் உண்டு: "அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியா?" கல்யாண வீட்டில் அத்தை விளையாட்டாகக் கேட்டாலே பிள்ளைக்கு முகம் சுருங்கும் கேள்வி. காரில் வரும்போதே பாடம் ஒப்பித்த பிள்ளை இங்கே அதை ஒழுங்காகச் சொல்கிறது. குழந்தை மனநல நிபுணர் பல நாள் பேசி அறிய வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள்.

பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் கூட்டுக் காவலுக்கு வழி செய்யுங்கள் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை விசிட்டேஷனில்கூடப் பார்க்கவில்லை.

வரப்புத் தகராறு இருபது வருஷம் இழுத்தாலும் நிலம் அங்கேயே கிடக்கும். பிள்ளை அப்படிக் கிடப்பதில்லை: பல் விழுகிறது, குரல் உடைகிறது, பார்க்காத முகம் மறந்துபோகிறது. மனு போட்ட மாதத்துக்குள் இடைக்கால உத்தரவு, ஒரு வருஷத்துக்குள் தீர்ப்பு, தூக்கிக்கொண்டு ஓடியவருக்கு அந்த ஓட்டத்தால் ஒரு லாபமும் இல்லை என்று விதி செய்ய எந்த மகாராணியின் அனுமதி வேண்டும்?

செய்ய மாட்டார்கள், தேவையும் இல்லை. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் கஸ்டடி மனு தானாகவே செத்துவிடும். ஆண்டறிக்கையில் அதுவும் பைசல் செய்த வழக்குதான்.