பலகை விதி: நாஞ்சில் நாட்டில் நனிசைவப் பசி குறித்து ஓர் ஆய்வு

திப்ருகரில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறும் ஒருவர் உட்கார்ந்தும் படுத்தும் 4,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து கன்னியாகுமரியில் இறங்குகிறார். அவர் பால், தயிர், நெய் எதையும் தொடாத கொள்கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வழியெல்லாம் கூவி விற்ற தேநீரில் பால் கலக்காதது அபூர்வம். இப்போது தண்டவாளம் முடிந்துவிட்டது, பசி முடியவில்லை. அவர் எங்கே போய்ச் சாப்பிடுவது? "நல்ல சைவ ஓட்டலாகப் பார்த்துப் போங்க" என்றுதான் ஊரில் யாரும் வழி சொல்வார்கள். இந்த வழி தவறு. அவர் போய்ச் சேர வேண்டிய இடம் உள்ளே மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் சாயாக்கடைதான். இதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் சொற்களைத் துலக்கிக்கொள்ள வேண்டும். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரது கூட்டாளிகளும் 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் நடுவை வெட்டி எறிந்து, தலையையும் வாலையும் ஒட்டி 'வீகன்' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். தமிழில் அதற்கு 'நனிசைவம்' என்று பெயர் வைத்தாயிற்று. நனி என்றால் மிகுதி. பெயரைக் கேட்டால் சைவத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் நனிசைவம் வந்துவிடும் என்று தோன்றும். இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. சைவம் கேட்கும் கேள்வி, "இந்தப் பாத்திரத்தில் முன்பு என்ன வெந்தது?" நனிசைவம் கேட்கும் கேள்வி, "இந்தப் பால் எந்தக் கன்றுக்குச் சேர வேண்டியது?" முன்னது தீட்டுக் கணக்கு, பின்னது கன்றுக் கணக்கு. இரண்டுக்கும் பேரேடு வேறு. அடுத்து, 'மனசுக்கு இதமான சாப்பாடு' என்பதற்கும் வரையறை தேவை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் வாய் முதலில் எதைக் கேட்கிறதோ அதுவே இதமான சாப்பாடு என்று இக்கட்டுரை கொள்கிறது. நாஞ்சில் நாட்டில், அதாவது இந்தக் கன்னியாகுமரிப் பக்கத்தில், அது கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். இந்த நான்கிலும் மாட்டுக்கு வேலை இல்லை என்பதை வாசகர் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

இனிச் சான்றுகள். ஓர் உயர்தர சைவ உணவகத்தின் விலைப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால், விலை ஏற ஏறப் பால் ஏறுவது தெரியும். சாதா தோசை நெய்த் தோசையாகிறது, வடை தயிர் வடையாகிறது, பொங்கல் நெய் மினுமினுக்கக் கிண்ணத்தில் வருகிறது, கடைசியில் டபராவில் நுரைத்த காப்பி. வடநாட்டுப் பயணிகளுக்காகக் குமரி முனையில் நடக்கும் ரொட்டிக் கடைகளிலோ வெண்ணெயும் பனீரும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. கல்யாண இலையும் இதே கதைதான்: தொடக்கத்தில் பருப்பின் மேல் ஒரு கரண்டி நெய், முடிவில் மோர். வாட்சன் சொல்லின் தலையையும் வாலையும் எடுத்துக்கொண்டார். நாஞ்சில் நாட்டுப் பந்தியில் உட்காரும் அவர் சீடர்கள் தலையையும் வாலையும் விட்டுவிட்டு நடுவைத்தான் உண்ண வேண்டும். நடுவிலும் புளிசேரியில் மோர் ஒளிந்திருக்கும். அவியலில் ஒரு கை தயிர் சேர்க்கும், இன்னொரு கை மாங்காயோடு நிறுத்திக்கொள்ளும். பிரதமனில் தேங்காய்ப்பால் பெருகினாலும் முந்திரி நெய்யில் வறுபட்டிருக்கும். துவரனும் தீயலும் மட்டுமே அநேகமாக நம்பத் தக்கவை. இவற்றிலிருந்து பெறப்படும் முடிவை 'பலகை விதி' என்று அழைக்கலாம்: ஒரு கடைப் பலகையில் 'சைவம்' என்ற எழுத்து எவ்வளவு பெரிதோ, உள்ளே நெய் அவ்வளவு அதிகம்.

எதிர்ச்சான்று சாயாக்கடையில் கிடைக்கிறது. பலகை இருந்தால் உண்டு. இருந்தாலும் புகை ஏறி எழுத்து மங்கியிருக்கும். அங்கே புட்டு அவிவதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உப்புநீர் தெளித்துப் பிசறிய அரிசிமாவு, பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், அதுவே பதம். குழலில் ஒரு பிடி தேங்காய்த் துருவல், மேலே மாவு, மறுபடி துருவல், மறுபடி மாவு. மூடியின் துளையில் ஆவி சீறியதும் குழலைச் சாய்த்துப் பின்னாலிருந்து கம்பால் தள்ளினால், வெள்ளைத் தூண் ஒன்று தட்டில் இறங்கித் தேங்காய் வரிகளில் தானாகவே துண்டுபடும். கத்திக்கு அவசியமில்லாதபடி வெட்டுக்கோடு உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் வறுத்தரைத்த கடலைக்கறி, அல்லது பயறும் பப்படமும் பழமும். பழமென்றால் ஏத்தன் கனமாக, செந்துளுவன் மணமாக, மட்டி விரல் அளவில் தேனாக. மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மாலையில் நாகர்கோவில் பக்கம் ரசவடை. ரசத்தில் ஊறிய பருப்பு வடையின் ஓரம் இளகி, நடு மட்டும் பல்லுக்கு இன்னும் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும் நேரம் பார்த்து எடுத்துத் தருவார்கள். குடிக்கப் பால் சேராத கட்டஞ்சாயா, அல்லது கருப்பட்டிக் காப்பி. "அண்ணாச்சி, ஒரு புட்டு, கடலை, ஏத்தம்பழம், ஒரு கட்டஞ்சாயா" என்ற ஒரே வாக்கியத்தில், கேள்வி எதுவும் கேட்காமலே, ஒருவர் நனிசைவர் ஆகிவிடலாம்.

இந்த முரணுக்குக் காரணம் என்ன? பால் இங்கே நெடுங்காலம் மதிப்பின் அளவுகோலாக இருந்திருக்கிறது. விருந்துக்கு நெய், விசேஷத்துக்குப் பாயசம், தெய்வத்துக்குப் பாலாபிஷேகம். சைவ ஓட்டல் தன் உயர்தரத்தை அந்த அளவுகோலால்தான் காட்ட முடியும். உழைத்துவிட்டு வருகிறவரின் பசிக்குக் கைகொடுத்ததோ தென்னை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மண்ணில் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம் அது. பசு ஒரே பால்தான் தரும். தேங்காயைப் பிழிந்தால் ஒன்றாம் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று மூன்று தரம் வரும், எண்ணெய் தனி. ஆகவே நாஞ்சில் நாட்டின் உண்மையான கறவை மரமேறிப் பறிக்கப்படுவது என்பது துணிபு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 'அண்டியாபீஸ்' என்று வழங்கும் முந்திரி ஆலைகளில் பெண்கள் உட்கார்ந்து கொட்டையை உடைத்துப் பருப்பின் தோல் நீக்குகிறார்கள். மேலைநாட்டு நனிசைவ உணவகங்கள் பாலாடைக்கட்டிக்குப் பதிலாக அரைப்பது முந்திரியைத்தான். அவர்கள் இயந்திரத்தில் அரைத்து அடையும் இதத்தை இங்கே துருவலே தந்துவிடுகிறது.

மறுப்புகளைப் பார்ப்போம். முதல் மறுப்பு கரண்டி பற்றியது: மீன்குழம்பில் முங்கிய கரண்டி கடலைக்கறியிலும் முங்கினால் என்ன செய்வது? மரச்சீனிக் கிழங்கு மீனோடுதானே தட்டில் ஏறுகிறது? மேற்சொன்ன பேரேட்டுப் பிரிவினை இங்கே உதவுகிறது. கரண்டி என்பது தீட்டுக் கணக்கு. அதைக் கேட்க உரிமையுள்ளவர் சைவர். கரண்டி மாறியதால் கடலில் மீன் ஒன்று கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனாலும் குழம்பின் துளியே நாவுக்கு ஒவ்வாதவர்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் தனிக் கரண்டி கேட்கலாம். கிழங்குக்கு மீனை விட்டுக் காந்தாரி மிளகாய் உடைத்த சம்மந்தி கேட்கலாம். அது மீனை நினைக்க நேரம் தராது.

இரண்டாவது மறுப்பு பெரிய இடத்திலிருந்து வருகிறது. குமரிக் கடலில் 133 அடிக்கு நிற்கும் வள்ளுவர், புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். பாலை அவர் மறுக்கவில்லையே? மறுக்கவில்லை. காமத்துப்பாலில் காதலியின் வாயூறலைப் பாலும் தேனும் கலந்த சுவைக்கு ஒப்பிட்டு, நனிசைவம் விலக்கும் இரண்டையும் ஒரே குறளில் சேர்த்தும் வைத்திருக்கிறார். ஆகவே அவர் சைவ உணவகத்தின் சாட்சி. நம் வாதத்துக்கு அதனால் பாதகமில்லை. தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் இதே மாவட்டத்தில் இருப்பதும் உண்மைதான். ஆனால் புட்டுக்குத் தேன் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை; கருப்பட்டி இருக்கிறது. மூன்றாவது, தென்னையும் குற்றமற்றதா என்பது. தாய்லாந்தில் குரங்குகளைக் கட்டாயப்படுத்தித் தேங்காய் பறிக்க வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டால் 2020இல் பிரிட்டனின் சில பெரிய கடைகள் அந்நாட்டுத் தேங்காய்ப் பொருள்கள் சிலவற்றை விற்பதை நிறுத்தின. குமரியில் மரமேறுவது மனிதர்கள், கூலி பேசித்தான் ஏறுகிறார்கள். அந்தக் கூலி போதுமா என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அண்டியாபீசிலும் கேட்க வேண்டிய கேள்வி. கன்றுக் கணக்கு எழுதும் பேரேட்டில் கூலிக் கணக்குக்கும் ஒரு பக்கம் இருந்தால் நல்லது.

எஞ்சியிருப்பது பரிந்துரை. பயணிகள் பெருகிவரும் குமரியில் நனிசைவ உணவகம் ஒன்று திறந்தால் என்ன என்று யாருக்காவது யோசனை வரலாம். இவ்வாய்வு அதைக் கடுமையாக எதிர்க்கிறது. உணவகம் என்றால் பலகை வைக்க வேண்டும். பலகை வைத்தால் 'உயர்தர' என்ற அடைமொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உயர்தரம் என்று எழுதியபின் புட்டை வெறும் புட்டாகக் கொடுக்க முதலாளிக்கு மனசு வராது. பலகை விதியின்படி, அதன்மேல் நெய் விழும் நாள் வெகுதூரத்தில் இல்லை.