இது பொள்ளாச்சி மரமாச்சே!

அந்தமானை முதலில் வரைந்து கெடுத்தவன் நான் இல்லை. அந்தப் புண்ணியம் பாரிஸ்காரர்களைச் சேரும். அந்தத் தீவு மனிதர்களுக்கு நாய்முகம் என்று மார்க்கோ போலோ அளந்துவிட்டுப் போனார். அங்கே இறங்கிப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. கப்பலில் யாரோ விட்ட கதையாக இருக்கும். நூறு வருடம் கழித்து, 1410 வாக்கில், பர்கண்டி கோமகனுக்காக அவருடைய பயணப் புத்தகத்தைப் படங்களோடு படியெடுத்தார்கள். நாய்முகம் என்று எழுதியிருந்ததா, ஓவியர் போட்டுவிட்டார். ஆனால் வெற்றுடம்பாக நிறுத்த மனசு வரவில்லை போலிருக்கிறது, நல்ல அங்கியாகப் பார்த்து மாட்டிவிட்டார். ஐரோப்பிய உடுப்பில் நாய்முகத்தார் நின்று சரக்கு விலை பேசுகிறார்கள். எனக்குக் கொத்தவால்சாவடிதான் ஞாபகம் வந்தது.

எனக்கு வந்த வேலை இதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். ரசிகர்கள் விடாமல் கொண்டாடும் பழைய அந்தமான் படங்களைப் பற்றிய கட்டுரைத் தொடர். கட்டுரைக்கு ஒரு கோட்டோவியம். முதலில் 1952-இல் வந்த ‘அந்தமான் கைதி’. கு.சா.கிருஷ்ணமூர்த்தியின் நாடகம், எம்.ஜி.ஆர். நாயகன். அந்தமான் தண்டனைக் குடியிருப்பை 1945-லேயே மூடியாயிற்று. கைதிகளுக்கு விடுதலை, தலைப்புக்கு மட்டும் தண்டனை பாக்கி.

செல்லுலார் ஜெயிலைப் போடலாம் என்று பென்சிலை எடுத்தால், எத்தனை சிறகு போடுவது? 1906-இல் கட்டி முடித்தபோது நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளம்பின. மொத்தம் 696 அறைகள். பிறகு நிலநடுக்கம், ஜப்பான்காரன், நம்மவர்கள் என்று ஆளாளுக்குக் கைவைத்ததில் மிஞ்சியது மூன்று. ஏழு போட்டால் நட்சத்திரமீன். மூன்று போட்டால் சீலிங் ஃபேன்.

“ஜெயிலே வேண்டாம் சார், எம்.ஜி.ஆர். முகத்தைப் பெரிசாகப் போடுங்கள்” என்றார் ஆசிரியர்.

“கம்பி?”

“போடுங்கள். முகத்தை மறைக்கக் கூடாது.”

அடுத்தது 1978-இன் ‘அந்தமான் காதலி’. முக்தா சீனிவாசன் இயக்கம், சிவாஜி, சுஜாதா. நாடு கடத்த வைத்திருந்த தீவுக்குக் காதலிக்கப் போனார்கள். மறுவருடம் பிப்ரவரியில்தான் அரசாங்கம் ஜெயிலைத் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கியது. டூயட் முந்திக்கொண்டது.

1996-இல் ‘சிறைச்சாலை’. பிரியதர்ஷன் படம், சாபு சிரிலின் கலை இயக்கத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அவர் அளவு பார்த்துச் செய்திருப்பார். என்னிடம் இருந்தது ஒரு பழைய பாட்டுப்புத்தக அட்டையும் அவசரமும். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று கட்டுரைக்கும் ஓரத்தில் ஒரு தென்னைமரம் நட்டேன்.

இதழ் வந்தது. போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த ஒரு நண்பர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது பொள்ளாச்சி மரமாச்சே!”

நாய்முகம் போடாமல் விட்டேன் இல்லையா, அதைச் சொல்ல ஆளில்லை.