கரித்துணியியல்: ஒரு முன்னாய்வு

கல்வெட்டுக்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். பழங்காசுக்கும் பானை ஓட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் ஆள் இருக்கிறது. அடுப்பு மேடையின் ஓரத்தில் நான்காக மடிந்து, ஒரு மூலை கருகி, ரசமும் எண்ணெயும் காய்ந்து விறைத்துக் கிடக்கும் கரித்துணிக்கு மட்டும் ஒரு பேராசிரியர் வாய்க்கவில்லை. இத்தனைக்கும் அதன் பூர்வீகத்தை விசாரித்தால் ஒரு குடும்பத்தின் கால் நூற்றாண்டு வரலாறு வெளியே வந்துவிடும். “இது உங்க சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியோட கரை” என்று ஒரு பாட்டி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறார். தொல்லியலாருக்கு அதே வேலைக்குக் கரிமக் காலக்கணிப்பு தேவைப்படுகிறது.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துவிடுவது முறை. வீட்டுத் துணி பழசாகி, வீட்டார் கையாலேயே கிழிபட்டு, மடிபட்டு, தைபட்டு வேறொன்றாக மாறுவது மட்டுமே இங்கே பொருள். கடையில் காசு கொடுத்து வாங்கிய துடைதுணி இதில் சேராது. அதற்குப் பூர்வீகம் கிடையாது. விலைச்சீட்டு மட்டுமே உண்டு.

இலக்கியச் சான்று இல்லாமல் தமிழில் எந்த ஆய்வும் எடுபடாது என்பதால் அதையும் தேடியாயிற்று. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போய்ச் சேரும் பொருநன் உடுத்தியிருப்பது ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தல். வியர்வையில் நனைந்தது, வேறு இழை ஓட்டித் தைத்தது. மன்னன் அதைக் களையச் செய்து, பாம்பின் உரியைப் போன்ற மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். புலவர்கள் எல்லாரும் அந்தப் புது ஆடையைத்தான் வியந்திருக்கிறார்கள். நம் துறைக்கு முக்கியமானது மற்றது. வேறு இழை ஓட்டித் தைத்தார்கள் என்றால், சங்க காலத்திலேயே வீட்டில் ஒட்டுப்போடும் கலை நடந்திருக்கிறது என்று பொருள். சரி, களைந்த அந்தக் கந்தல் பிறகு என்ன ஆனது? பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. அரண்மனை மடைப்பள்ளியில் யாரோ ஒருத்தி வெந்நீரில் அலசி எடுத்து வைத்திருப்பாள் என்பது என் துணிபு.

இதைவிடத் தெளிவான சான்று பாலி மொழியில், பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநய பிடகத்தில் இருக்கிறது. கோசாம்பி மன்னன் உதேனனின் அந்தப்புரத்துப் பெண்கள் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானம் செய்துவிடுகிறார்கள். மன்னனுக்கு எரிச்சல். துறவிக்கு எதற்கு இத்தனை துணி, கடை போடப் போகிறாரா என்று குறைப்பட்டு, இத்தனையை வைத்து என்ன செய்வீர்கள் என்று நேரில் கேட்டே விடுகிறான். ஆடை நைந்த துறவிகளுக்குப் பங்கிடுவேன் என்கிறார் ஆனந்தர். நைந்த பழைய ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறை. பழைய உறை? தரை விரிப்பு. அதற்குப் பிறகு கால்மிதி, அதற்குப் பிறகு தூசித் துணி. அதுவும் போனால் துண்டு துண்டாக்கி, சேற்றில் குழைத்துத் தரை மெழுகிவிடுவோம் என்று முடிக்கிறார். மன்னன் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு ஆடை கொடுத்தானாம். இவன்தான் கொங்குவேளிரின் பெருங்கதையில் யாழ் வாசித்து யானையை அடக்கும் உதயணன். காவியம் அவன் காதல்களைப் பாடியது. குறுக்கு விசாரணை செய்து கரித்துணியியலின் மூலபாடத்தை வெளிக்கொணர்ந்தவன் என்ற பெருமையை நாம்தான் அவனுக்குச் சூட்ட வேண்டியிருக்கிறது.

ஆனந்தர் தந்த பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விதி புலப்படும். துணி ஒவ்வொரு படியிலும் உடம்பைவிட்டு விலகி, தரையை நெருங்குகிறது. ஒரு வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு முழமாக இடுப்பில் இருந்தது, கரை நைந்ததும் நடுவில் கிழிபட்டு இரண்டு நாலு முழமாகிறது. ஒன்று குளித்துத் துவட்டும் துண்டு, இன்னொன்று பங்குனி வெயிலில் மாடியில் விரித்து வடாம் பிழியும் துணி. (வடாம் காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும். இந்த நுட்பத்தை அறியாமல் வடாமோடு துணியையும் பெயர்த்துத் தின்றவர்கள் உண்டு.) அங்கிருந்து இட்லித் தட்டு, ஊறுகாய் ஜாடிக்கு வேடு, முளைகட்டிய பயறு மூட்டை, பிடிதுணி, மேடை துடைக்க, கடைசியில் தரை துடைக்க. ஆக, ஒரு துணியின் வயதை அறிய அது தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் கிடக்கிறது என்று அளந்தால் போதும். இதற்கு ‘உயர விதி’ என்று பெயர் சூட்டுகிறேன்.

சேலைக்கும் விதி பொருந்தும். பாதை மட்டும் கொஞ்சம் சிங்காரமானது. நூல்சேலையை நீளவாட்டில் மூன்றாகக் கிழித்து, சடையாகப் பின்னி, நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே போய்க் கோணி ஊசியால் தைத்தால் அருமையான கால்மிதி. இரண்டு சேலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஓட்டுத் தையல் போட்டால் போர்வை. வங்காளத்தில் இதே வேலையைச் செய்து, பழைய சேலையின் கரையிலிருந்தே நூலை உருவி மீனும் தாமரையும் தைத்துக் காந்தா என்று பெயர் வைத்தார்கள். அது இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகிறது. நாம் அதன்மேல் கால் துடைத்தோம். இரண்டு பண்பாடுகளில் எது தன்னம்பிக்கை மிகுந்தது என்ற விவாதத்துக்குள் இக்கட்டுரை போகாது.

விதி என்று ஒன்றைச் சொன்னவுடன் விதிவிலக்கு வந்து நிற்கும். உயர விதியைப் பொய்யாக்குவது, ஆய்வாளனுக்குக் கொஞ்சமும் மரியாதை தராத ஒரு தரப்பு: பிறந்த குழந்தை. குழந்தைக்கு முதல் துணி புதுத்துணியாக இருக்கக் கூடாது என்பது பல வீடுகளில் வழக்கம். பல வருடம் துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் மொடமொடப்பும் போன, தாத்தாவின் வேட்டித் துண்டுதான் வேண்டும். நீண்ட ஆயுளோடு இருந்தவரின் துணி என்றால் இன்னும் விசேஷம்; தூரத்து உறவிலிருந்துகூடக் கேட்டு வாங்கிவருவார்கள். பணச் செலவே இல்லாத பரிசு. ஆனால் காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காது. ஆயத்த உடைக் கம்பெனி எதுவும் எண்பது வயதுக் கிழவரை வைத்து இருபது வருடம் துணியை மெதுவாக்கித் தரப்போவதில்லை.

அடுத்து தூளி. கால்மிதியாகிக் கீழே போயிருக்க வேண்டிய சேலை, திடீரென்று உத்தரத்தில் ஏறிவிடுகிறது. புதுச்சேலை இதற்கு ஆகாது. வழுக்கும், விறைக்கும், முடிச்சு நிற்காது. பழைய நூல்சேலைதான் குழந்தையின் உடம்புக்கு ஏற்றபடி குழிந்து கொடுக்கும். காற்றும் உள்ளே போகும். தூளிக்குள் இருப்பவர் அதை எந்த நேரத்திலும் நனைத்துவிடலாம் என்பதால் அவிழ்த்து அலசி உடனே காய வைக்கவும் தோதானது. இங்கே மட்டும் பழசு மேலே போகிறது, புதுசு பீரோவில் கிடக்கிறது. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் என் கோட்பாட்டில் இடம் ஒதுக்க முயன்று, கடைசியில் ‘தற்காலிகப் பதவி உயர்வு’ என்ற தலைப்பில் தனியாக ஒதுக்கிவைத்தேன். குழந்தை வளர்ந்ததும் சேலை இறங்கிவிடும் என்பதே அதற்கு நியாயம். ஆனால் சில வீடுகளில் அது இறங்குவதில்லை, மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அத்தகைய வீடுகளை மாதிரியிலிருந்து நீக்கிவிட்டேன். ஆய்வுலகில் இது வழக்கம்தான்.

ஒரு துணி எந்தக் கணத்தில் பழந்துணி ஆகிறது? இதில் இரு தரப்பு உண்டு. உடுத்துபவர் தரப்பில் அந்தக் கணம் வருவதே இல்லை. “இன்னும் ஒரு வருஷம் தாராளமா வரும்” என்பது அவர்களின் நிரந்தர நிலைப்பாடு. துவைப்பவர் தரப்பில் தெளிவான சோதனை இருக்கிறது: துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் எதிர்வீட்டுக் கதவெண் படிக்க முடிகிறதா? முடிந்தால் தீர்ப்பு எழுதியாயிற்று. நிறைவேற்றம் உரிமையாளர் வெளியூர் போயிருக்கும்போது. கத்தரிக்கோல் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுப்பதற்கு மட்டும்தான். பிறகு இரு கைகளாலும் இழுத்தால் சாதா நெசவுத் துணி நூல்வாக்கில் நேராகக் கிழிந்துகொண்டு போகும். கத்தரித்தால் அப்படி நேர்க்கோடு வராது. அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பிறகும் கிழிக்கக் கூடாது என்பார்கள். சகுனம் என்பதைவிட, சத்தம் கேட்டு உரிமையாளர் வந்துவிடுவார் என்ற முன்னெச்சரிக்கையாகவே அதைக் கொள்ள இடமிருக்கிறது.

எல்லாத் துணியும் இந்த வழியில் போவதில்லை. ஒரு கிளை தெருவுக்குத் திரும்புகிறது. தலையில் எவர்சில்வர் கூடையோடு வரும் பாத்திரக்கார அம்மாவிடம் நடப்பது, பொருளாதார நூல்கள் வழக்கொழிந்ததாகச் சொல்லும் பண்டமாற்று. அவர் திண்ணையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு துணியாக உதறி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரமாகப் போடுவார். “ரெண்டு பேண்ட் சேத்துப் போடுங்கக்கா, அடுக்கு தர்றேன்.” “பேண்டெல்லாம் நல்ல பேண்ட், அதுக்கே ஒரு டிபன் பாக்ஸ் வரும்.” “ஜிப்பு போயிருச்சேக்கா.” பேச்சு முற்றி, ஒரு கட்டத்தில் அவர் கூடையைத் தூக்க எழுவார், இவர் கதவைச் சாத்தத் திரும்புவார், இரண்டுமே நடக்காது. பட்டுப்புடவைக்கு வேறு கணக்கு, ஏனென்றால் அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. நம் துறைக்குக் கவனிக்க வேண்டியது இது: அடுப்படியில் உயிர் போன்ற பழைய நூல்வேட்டிக்கு இந்தச் சந்தையில் ஒரு ஸ்பூன்கூடப் பெயராது. அங்கே மதிப்புப் பெறும் பேண்ட்டோ அடுப்படிக்குள் நுழைந்தால் ஒரு சொட்டுப் பாலைக்கூட உறிஞ்சாது.

கீழே இறங்கிய துணி மறுபடி ஆடையாக மேலே ஏறுமா? ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் 1850இல் வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு ஏறாது என்று காட்டினார். கரித்துணி தானாகச் சட்டையாவதில்லை என்பதையும் நாம் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இதை முன்கூட்டியே மறுத்து, 1813 வாக்கிலேயே யார்க்ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்றுத் துணி நெய்தார். அந்தத் தொழில் இன்று மூன்று போர்களுக்குப் பேர்போன நம் பானிப்பட்டில் நடக்கிறது. உலகம் கழித்த கம்பளிகள் அங்கே வந்து போர்வையாகத் திரும்புகின்றன. இயந்திரம் கொண்டு செய்வது நம் எல்லைக்குள் வராது என்று கூறி இந்தச் சங்கடத்தைக் கடந்துவிடுகிறேன்.

கடக்க முடியாத சங்கடம் 1941இல் வந்தது. இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். டெரிலின் சட்டையாக அது நம்மூர் வந்தபோது மாப்பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். கசங்காது, நையாது, இஸ்திரி வேண்டாம். நையாது என்பதில் ஒளிந்திருந்த ஆபத்தை யாரும் கவனிக்கவில்லை. நையாத துணி எப்போது கரித்துணியாகும்? நைந்தாலும் என்ன பயன்? 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். பருத்தி நனைந்தால் வலுக் கூடும். அதனால்தான் பழைய வேட்டியை முறுக்கிப் பிழிந்தாலும் தாங்குகிறது. சூட்டில் பருத்தி கருகும். பாலியெஸ்டரோ சுமார் 260 டிகிரியில் உருகி ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் சேலைத் துண்டால் இரும்புச்சட்டியைப் பிடித்தவர்களின் உள்ளங்கை இதற்குச் சான்று. பீரோ நிறையத் துணி இருந்தும் கொதிக்கும் பாலை இறக்க ஒன்று அகப்படாத வீடுகளைக் கள ஆய்வில் கண்டேன். அங்கெல்லாம் நாளிதழை மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கடையில் மைக்ரோஃபைபர் துணி விற்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். இழையை மயிரினும் மெல்லிதாகப் பிளந்துவிட்டதால் இடுக்குகளில் தண்ணீர் ஏறி நிற்கிறது. நன்றாகவே துடைக்கிறது என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்; சூடான பாத்திரத்தைப் பிடிக்க அதுவும் ஆகாது. மெக்கானிக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும், பனியன் ஆலைகளில் வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் போகிறது. அது ஒரு நாளும் பனியனாக இருந்ததில்லை. யார் மார்பிலும் ஏறாமல் நேரே கிரீஸுக்குள் இறங்கியது. கரித்துணியாகவே பிறந்த இந்த இனத்தை உயர விதியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அடிக்குறிப்பில் தள்ள நினைத்தேன். இதழில் அடிக்குறிப்புக்கு இடமில்லை என்றுவிட்டார்கள்.

நூல்வேட்டி அருகிவரும் இந்தக் காலத்தில் கரித்துணி வழங்கலைத் தாங்கிப் பிடிப்பது எது என்று தேடியதில், பண்பாட்டுக் காவலர்கள் மிகவும் திட்டித் தீர்த்த ஓர் ஆடையில் வந்து நின்றது ஆய்வு. நைட்டி. பெரும்பாலும் பருத்தி. கரை கிடையாது, ஜரிகை கிடையாது, மடிப்பு கிடையாது. தினமும் துவைபடுவதால் சீக்கிரம் மெதுவாகிவிடும். கைப்பகுதி இரண்டும் பிடிதுணி, பின்பக்கத்து மேல்பாதி மேடைக்கு, கீழ்ப்பாதி மிக்ஸிக்கு உறை, பூப்போட்ட முன்பக்கம் மாவு மில்லுக்கு அரிசி எடுத்துப்போகும் பை. எல்லாவற்றுக்கும் வேலை கிடைத்துவிட்டது. கழுத்தடி ஜிப்பை மட்டும் பிரித்தெடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில் அந்த டின் நிரம்பியிருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, “இருக்கட்டும்” என்பதற்கு மேல் யாரும் விளக்கம் தரவில்லை.