ஒரிஜினல் படித்தவர்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து 'கதையில இப்படி இல்ல' என்று ஒரு குரல் வருமே, அவரைப் பற்றித்தான். ஊருக்கு நாலு பேர் இப்படி உண்டு. பொதுவாக இந்த வகையினர் உறையூர் சாலை ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருப்பார்கள். மூக்குக்கண்ணாடியின் இடது காம்பில் ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். என் அக்காவைக் கல்யாணம் செய்திருப்பார்கள்.

மாமாவிடம் (இந்த வகையினரிடம் என்று திருத்திப் படிக்கவும்) ஒரு பைண்டு வால்யூம் இருக்கிறது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணூசியால் துளை போட்டு, நூல் கோத்து, மைதாப் பசை தடவி, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டியது. பக்கத்தைத் திருப்பினால் பின்னால் ஒரு டாக்டர் ஜோக்கின் பாதி இருக்கும். நர்ஸ் என்ன பதில் சொன்னாள் என்பது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. இரவல் கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். பன்னிரண்டு வயதில், ஒரு கோடை விடுமுறையில், நான் ஜீனோவைச் சந்தித்தது அப்படித்தான். புத்தகம் படிக்கிற, எதிர்த்துப் பேசுகிற இயந்திர நாய்க்குட்டி. கதை பாதியில் நிற்க, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

தூர்தர்ஷனில் அது தொடராக வந்தபோது மாமா வால்யூமை மடியில் விரித்துக்கொண்டு டிவி எதிரே உட்கார்ந்தார். பேப்பர் திருத்துகிற வாத்தியார் தோற்றார்.

2010 அக்டோபரில் 'எந்திரன்'. வசனத்தில் சுஜாதா பெயரும் உண்டு. 2008-லேயே அவர் போய்விட்டார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் எழுதியது என்றால் கொள்ளிடத்துக்கும் உய்யக்கொண்டானுக்கும் நடுவில் இருக்கிற எல்லோருக்கும் குறை சொல்லப் பாத்தியதை உண்டு. இடைவேளைவரை மாமா பொறுமையாக இருந்தார். பிறகு,

"நாய் எங்க மாப்ள?"

"எந்த நாய்?"

"ஜீனோ."

"இது அந்தக் கதை இல்ல மாமா."

"ரோபோ இருக்குல்ல?"

"இருக்கு."

"சுஜாதா எழுதுனதுதானே?"

"ஆமா."

"அப்ப நாய் வரும்."

வரவில்லை. ரஜினி பல நூறு ரஜினியாகி, பந்தாக உருண்டு, பாம்பாக நெளிந்தபோது தியேட்டரே விசிலடித்தது. மாமா மட்டும் அந்தக் கூட்டத்துக்குள் நாலு காலில் ஏதாவது நிற்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் ஓடி முடிந்து, துடைப்பத்தோடு ஆள் வந்த பிறகுதான் எழுந்தார்.

'ட்யூன்' படத்துக்குப் போனபோது எனக்கு நிம்மதி. 1965-இல் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய அந்த நாவலை மாமா தொட்டதில்லை. திரையில் பாலைவனம் விரிந்தது. "மண்மாரி பெஞ்சு மூடுன ஊரு மாப்ள இது. நம்மகிட்டயே மணலைக் காட்டுறான்" என்றார். படிக்காத கதைக்கும் ஒரிஜினல் உறையூரில் இருக்கிறது.

ஒரே ஒரு முறை மடக்கியிருக்கிறேன். 1986-இல் வந்த 'விக்ரம்'. குமுதத்தில் சுஜாதா தொடர் எழுத எழுத, அந்தப் பக்கம் படமும் தயாராகிக்கொண்டிருந்தது. "இதுல எது மாமா ஒரிஜினல்?" என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். ரப்பர் பேண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினார். "காபி சாப்பிடுறியா?" என்றார்.

வருகிற சனிக்கிழமை எங்கள் தெருக் கோயிலில் மெல்லிசைக் கச்சேரி. அதே 'விக்ரம்' படத்தில் இளையராஜா இசையில் கமலே பாடிய டைட்டில் பாட்டு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். கீபோர்டுக்காரர் இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை. மாமா தீர்ப்பு எழுதிவிட்டார். "ரெக்கார்டுல அந்த எடத்துல மூச்சு விடுற அளவுக்கு ஒரு கேப் இருக்கும். இவனுங்க விடமாட்டானுங்க, பாரு."

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். அந்தப் பாட்டைப் பாடப்போகிற பையன் பகலில் டூவீலர் பட்டறையில் வேலை பார்ப்பவன். கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவான். ஒரு பாட்டாவது அவனை முழுசாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாற்பது வருஷத்துக்கு முந்தின கேசட்டை ஒருவர் காதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தால் எப்படிக் கேட்பது? டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துப் பார்த்த படங்களிலும் இதே கதிதான். எந்தப் படத்தில் என்ன இல்லை என்று கேளுங்கள், ஒப்பிக்கிறேன். என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

போன வாரம், ஏதோ நினைப்பில், அந்த வால்யூமைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். நடுவில் ஒரு வாரத்துப் பக்கங்களைக் காணோம்.

"எங்கப்பா அதுல மிக்சர் மடிச்சுக் குடுத்துட்டாரு" என்றார்.

"புஸ்தகமாவே விக்குதே மாமா. ஒண்ணு வாங்கிப் படிச்சிருக்கலாமே?"

"அது ஒரிஜினல் இல்ல மாப்ள."

"அப்ப அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? சொன்னார். கால் மணி நேரம் சொன்னார். ஜீனோவுக்கு நிறைய வசனம். சொல்லும்போது குரலை நாய்க்குட்டிக்குத் தகுந்த மாதிரி சின்னதாக்கிக்கொண்டார். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டவள்.

நான் அந்தப் புத்தகத்தை வாங்கி, முழுசும் படித்து, வருஷக்கணக்காகிறது. 'கதையில இப்படி இல்ல மாமா' என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. காபியோடு சேர்த்து விழுங்கினேன்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில்தான்.