பாரடேயின் விண்ணப்பம்

பேட்டரிப் பதார்த்தங்களை ஆராயும் முனைவர்பட்ட மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் பொருட்டு மட்டுமன்றி, மின்கல ஆராய்ச்சி முழுமைக்குமாகவே 2017-இல் பிரிட்டனில் ஸ்தாபிக்கப்பட்ட நிறுவனத்துக்கு மைக்கேல் பாரடேயின் நாமதேயத்தைச் சூட்டியிருக்கிறார்கள், உசிதமான காரியந்தான். ஆனால் இத்தகைய ஆராய்ச்சி மாணவர் இடங்களுக்கு வழக்கமாகக் கோரப்படும் உயர்வகுப்புப் பட்டமும் பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்களும் அந்த மகானிடம் இருந்தனவா என்றால், அவரோ கல்லூரியில் படித்தறியாத புத்தக பைண்டர்; ராயல் இன்ஸ்டிடியூஷனின் வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்களைக் குறிப்பெடுத்து, தாமே பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பிவைத்ததுதான் அவர் போட்ட விண்ணப்பம். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவருக்கு உதவியாளர் இடம் கிடைத்தது; அந்த இடம் காலியானதும்கூட, முன்பிருந்த உதவியாளர் கைகலப்பில் இறங்கி வேலையிழந்த புண்ணியத்தால்தான்! சம்பளம் வாரம் 25 ஷில்லிங். மாடியில் இரண்டு அறைகள், குளிர்காய எரிபொருள், மெழுகுவர்த்தி எல்லாம் இனாம். இக்காலத்து மாணவர், முதல் வகுப்புப் பட்டத்தோடு வந்தாலும், மெழுகுவர்த்தியைத் தாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.