லினக்ஸ் அண்ணை

விண்டோஸ் 10ஐ மைக்ரோசொப்ற் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு கைவிட்டபோது உலகத்தில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. கரடிப்போக்குச் சந்திக்கும் பரந்தனுக்கும் இடையில் ஒருவர் மட்டும் மோட்டச்சைக்கிளைக் கழுவித் துடைத்து, பெற்றோலும் அடித்துக்கொண்டு தயாரானார். “இனிப் பாருங்கோ, எல்லாம் என்னட்டைத்தான் வரும்” என்றார்.

வந்தன. ரொறன்ரோவில் பேரப்பிள்ளை பாவித்துக் கழித்தது, சுவிஸிலிருந்து சூட்கேசுக்குள் சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் பயணம் செய்தது, லண்டன் மாமா “சும்மா கிடக்குது, பெடியளுக்குக் குடு” என்று அனுப்பியது. விண்டோஸ் 11 ஏறாது என்று ஒதுக்கப்பட்ட லப்டொப்புகள் வன்னிக்கு வந்து சேரும் வழியெல்லாம் அவருடைய முற்றத்தில்தான் முடிகிறது. அவர் எல்லாவற்றுக்கும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் ஏற்றிவிடுகிறார். வந்தவர் கேட்டாரா என்பது வேறு விசயம். ஒருவர் திரை உடைந்ததென்று கொண்டுவந்தார். திரை உடைந்தபடியே லினக்ஸோடு திரும்பிப் போனார்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் ஊரில் ‘லினக்ஸ் அண்ணை’ என்றால்தான் வழி காட்டுவார்கள். மாங்குளத்தில் ஒரு லினக்ஸ் அண்ணை இருக்கிறார். புதுக்குடியிருப்பில் ஒருவர். நெடுங்கேணியில் இருப்பவர் பகலில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். அறிவியல்நகர்ப் பொறியியல் பீடத்துப் பெடியளும் வவுனியாப் பல்கலைக்கழகத்துப் பெடியளும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அவர்கள் ஆர்ச் லினக்ஸ் கோஷ்டி. பிறத்தியாரின் கொம்பியூட்டரைத் திருத்த அவர்களுக்கு நேரமில்லை, தங்களுடையதே இன்னும் சரிவரவில்லை.

அசல் லினக்ஸ் அண்ணையைத் திறப்புக் கோர்வையில் அடையாளம் காணலாம். வீட்டுத் திறப்பு ஒன்று, மோட்டச்சைக்கிள் திறப்பு ஒன்று, மிச்சமெல்லாம் பென்டிரைவ். எது மின்ற், எது டெபியன், எது செத்த கொம்பியூட்டரிலிருந்து படங்களைக் காப்பாற்றுவது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் புள்ளி வைத்திருப்பார். நகப்பூச்சு மனைவியுடையது. அவர் ஓர் அலுவலகத்தில் விண்டோஸில் வேலை செய்கிறவர். “வீட்டிலை பிறிண்ட் எடுக்கவேணுமெண்டால் நான் ஒபிசுக்குத்தான் போறனான்” என்பார். அதற்கு மேல் அந்தக் குடும்ப விவகாரத்தில் நாம் தலையிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வீட்டுக்கு அவர் போன கதையைச் சொன்னால் ஆளை விளங்கும். ரீச்சருக்குத் தேவை சின்ன விசயம். அவருடைய தாய், எண்பதைத் தாண்டிய ஆச்சி, பின்னேரத்தில் லப்டொப்பில் யூரியூப் போட்டுக் கந்தசஷ்டி கவசம் கேட்பார். முருகனின் வேல் உடம்பின் ஒவ்வோர் உறுப்பாகக் காத்துக்கொண்டு வரும்போது, முழங்காலுக்குக் கிட்ட வந்து விளம்பரம் குறுக்கிடும். விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்சன் ஒன்றைப் போடச் சொல்லி ரொறன்ரோவிலிருந்து மகன் சொன்னான். ரீச்சர் போட்டுப் பார்த்தார். அது ஏறவில்லை.

“தம்பி, எக்ஸ்டென்சன் ஏறுதில்லை.”

“ஏறுதில்லையோ ரீச்சர், ஏறி வேலை செய்யுதில்லையோ? ரெண்டும் வேற வேற வருத்தம்.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? ஏதோ இங்கிலீசிலை எழுதிக் காட்டுது.”

“என்ன எழுதினது?”

“நான் அதை மூடிப்போட்டன்.”

லினக்ஸ் அண்ணையின் முகத்தில் வேதனை தெரிவது இந்த ஒரே கட்டத்தில்தான். பிழைச் செய்தியை வாசிக்காமல் மூடுகிறவர்களை அவரால் மன்னிக்க முடிவதில்லை. ஆனாலும் ரீச்சர் என்றபடியால் பொறுத்துக்கொண்டார். அடுத்து, புதிதாக வந்தவரிடம் ஊர்ப் பெரியவர்கள் “நீர் எவடம், ஆற்றை மகன்?” என்று தொடங்குவதுபோல விசாரணை தொடங்கியது. எந்த டிஸ்ரோ, எத்தனையாம் பதிப்பு, பயர்பொக்ஸ் எங்கேயிருந்து வந்தது, ஆர் போட்டது. ரீச்சர் ஒன்றுக்கும் மறுமொழி சொல்லவில்லை. அந்த லப்டொப்புக்கு மின்ற் போட்டதே லினக்ஸ் அண்ணைதான். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்றிருக்கிறதே.

மூடியைத் திறந்ததும் அவர் கண் நேராகத் திரையின் மூலைக்குப் போனது.

“ரீச்சர், உங்கடை லப்டொப் இன்னும் பெற்றோல் கியூவிலை நிக்குது.”

திகதி 2022 ஏப்ரல் என்று காட்டியது. அந்த வருசத்தை இன்னொரு முறை வாழ இலங்கையில் எவருக்கும் விருப்பமில்லை. உள்ளே நேரத்தைக் காக்கும் வட்டப் பற்றரி அப்போதுதான் செத்துப்போயிருந்தது. இன்ரநெற்றைப் பார்த்து நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதியை யாரோ நிறுத்தியும் விட்டிருந்தார்கள். மொசில்லாவின் எக்ஸ்டென்சன் தளத்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். 2022இல் நிற்கிற கொம்பியூட்டருக்கு இன்றைய சான்றிதழைக் காட்டினால், இன்னும் பிறக்காத பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். மணிக்கூட்டுக் கடையில் வாங்கக்கூடிய சி.ஆர். 2032 பற்றரி ஒன்று போதும். அவர் சட்டைப் பையிலேயே ஒன்று இருந்தது.

பற்றரி மாற்றும் நேரத்தில் 2019 மே 4ஆம் திகதிக் கதை வரும். தப்ப முடியாது. அவர் வேலை செய்த வீடுகள் எல்லாவற்றிலும் அந்தக் கதை தெரியும்.

“சனிக்கிழமை. ஈஸ்ரர் குண்டுவெடிச்சு ரெண்டு கிழமை. பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் அரசாங்கம் பூட்டி வச்சு ஏப்ரல் 30இலைதான் திறந்து விட்டது. நான் பயர்பொக்ஸைத் திறக்கிறன், ஒரு எக்ஸ்டென்சனும் இல்லை! இதையும் பூட்டிப்போட்டாங்கள் எண்டு நினைச்சன். பாத்தால் உலகம் முழுக்க அதே கதை.”

கதை உண்மைதான். எக்ஸ்டென்சன்களுக்குக் கையொப்பம் வைக்கும் இடைச் சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்க மொசில்லா மறந்துவிட்டது. அது காலாவதியானதும் உலகமெங்கும் பயர்பொக்ஸ் தன்னுடைய எக்ஸ்டென்சன்களையே நம்பாமல் முடக்கிப்போட்டது. 66.0.4 என்ற பதிப்பு அவசரமாக வந்து திருத்தும்வரை, கொம்பியூட்டரின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளித்தான் பலர் சமாளித்தார்கள். “அண்டைக்கு நேரத்தைப் பின்னுக்கு விட்டவன் தப்பினான். இண்டைக்கு நேரம் பின்னுக்கு நிண்டபடியால் ரீச்சர் மாட்டுப்பட்டா” என்று அவர் முடிக்கும்போது கேட்டவர்கள் சிரிக்கவேண்டும். ரீச்சர் சிரித்தார். ஆச்சி கவசம் எப்போது தொடங்கும் என்று கேட்டார்.

நேரம் சரியானது. தளம் திறந்தது. மகன் சொன்ன யூபிளொக் ஒரிஜினுக்கு நேரே இருந்த பொத்தானை ரீச்சர் அழுத்தினார். கோப்பு இறங்கியது. ஏறவில்லை.

சாதாரண மனிதருக்கு இது சலிப்பு. லினக்ஸ் அண்ணைக்கு உயிர் வந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் குரோமைத் திட்டினார். இந்த எக்ஸ்டென்சனைக் குரோம் 2025 நடுப்பகுதியோடு முற்றாக வெளியேற்றிவிட்டது என்பதும், விளம்பரம் விற்கிற கொம்பனி விளம்பரத் தடுப்பானுக்கு எப்படி இடம் கொடுக்கும் என்பதும் அவருடைய நிரந்தர வாதம். அதில் எனக்கும் மறுப்பில்லை. அடுத்தது உபுண்டுவும் அதன் ஸ்னப் என்கிற பொதி முறையும். ரீச்சருடைய லப்டொப்பில் இருப்பது மின்ற், அங்கே ஸ்னப் கிடையாது, 2020இல் வந்த மின்ற் 20இலேயே அதற்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஆகவே இந்தப் பிழைக்கும் ஸ்னப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியிருந்தும் அரை மணித்தியாலம் ஸ்னப்பைப் பற்றியே கதைத்தார்.

அவருடைய கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உபுண்டு 22.04 வெளியானது 2022 ஏப்ரல் 21. மார்ச் கடைசியில்தான் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது. ஏப்ரலிலும் மின்வெட்டு ஓயவில்லை. கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்துக்குள், போனின் டேற்றாவைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்து, அவர் ‘அப்ற் இன்ஸ்ரோல் பயர்பொக்ஸ்’ என்று அடித்தார். அடித்தது ஒன்று, வந்திறங்கியது வேறொன்று. பழைய பொதிக்குப் பதிலாகக் கனத்த ஸ்னப் பொதி டேற்றாவைக் குடித்துக்கொண்டு இறங்கியது. பழைய ஹார்ட் டிஸ்கில் அது திறந்து முடிய முதல் கரண்ட் போய்விட்டது. அதைவிடப் பெரிய வில்லங்கம், ஸ்னப்பாக வந்த பயர்பொக்ஸுக்கு வெளியிலுள்ள புரோகிராம்களோடு கதைக்க விடமாட்டார்கள். கீபாஸ்எக்ஸ்சியில் பாஸ்வேர்ட்டைப் பூட்டி வைத்திருந்தவர்களின் எக்ஸ்டென்சன் ‘தொடர்பில்லை’ என்று நின்றது. ஜினோம் திரையை அலங்கரிக்கும் எக்ஸ்டென்சன்களும் அப்படியே. பிறகு அந்த வருசத்துக்குள்ளேயே வழி விட்டார்கள். ஆனால் லினக்ஸ் அண்ணை மறக்கிற ஆளில்லை. அப்போதைய ஜனாதிபதி கோத்தாபயவும் ஸ்னப்பும் அவருடைய மனதில் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

“தம்பி, அந்தச் செய்தி திரும்ப வந்திருக்கு” என்றார் ரீச்சர்.

இந்த முறை அவர் மூட விடவில்லை. வாசித்தார். தேவையான கோப்பை பயர்பொக்ஸால் மாற்ற முடியவில்லை, ஆகவே ஏற்ற முடியாது என்று இருந்தது. லினக்ஸ் அண்ணை எழுத்துப் பலகையில் விரலை வைத்தார், கறுப்புப் பெட்டி திறந்தது. பயர்பொக்ஸின் கோப்புறைக்குள் போனார், எக்ஸ்டென்சன்கள் குடியிருக்கும் கோப்புறையின் சொந்தக்காரர் யாரென்று பார்த்தார்.

“ரீச்சர், இது உங்கடை வீடு. ஆனால் இந்த ஒரு அறை ரூட்டின்ரை பேரிலை உறுதி எழுதியிருக்கு. இதுக்குள்ளை ஆர் கை வச்சது?”

ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் மெதுவாகக் குசினிப் பக்கம் நகர்ந்தான். நடந்தது இதுதான். தன்னுடைய பழைய கொம்பியூட்டரிலிருந்த எக்ஸ்டென்சன்களை மாமியின் லப்டொப்புக்குக் கொண்டுவர நினைத்தான். கோப்புறையை அப்படியே பிரதி பண்ணப் பார்த்தபோது அது விடவில்லை. விடாததை விடவைக்க எல்லாப் பெடியளும் செய்கிறதை அவனும் செய்தான்.

“சூடோ போட்டனியோ?”

“ஓம் அண்ணை.”

“சூடு ஒண்டும் இல்லையே, நான் இப்பதானே தொட்டுப் பாத்தனான்” என்றார் ரீச்சர்.

சூடோ போட்டால் எதுவும் நடக்கும். நடந்தது முழுவதும் ரூட் என்கிற நிர்வாகியின் பெயரில் பதிவாகும். பிறகு ரீச்சரின் பெயரில் ஓடுகிற பயர்பொக்ஸ் அந்தக் கோப்புறைக்குள் ஒரு கோப்பும் வைக்க முடியாது. சொந்தக்காரரை மாற்றுவதற்கு ஒரே வரிக் கட்டளை போதும். லினக்ஸ் அண்ணை அதை அடிக்கவில்லை. மருமகனைக் குசினியிலிருந்து கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, அவனைக்கொண்டே அடிப்பித்தார். பிழையாக அடித்தான். திரும்ப அடிப்பித்தார். நேரத் திருத்தத்தை நிறுத்தியதும் அவன்தான் என்பது அதற்கிடையில் வெளிவந்தது. ஏதோ விளையாட்டுக்காகவாம்.

பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்தும் இந்தக் குணம் லினக்ஸோடு வந்ததில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோலும் பற்றரியும் வர விடவில்லை. நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓடிய காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ செய்தி சொன்னது. லினக்ஸ் அண்ணை அப்போது சின்னப் பெடியன், மிதிக்கும் வேலை அவருடையது. செய்தி நடுவில் நின்றால் பிழை டைனமோவிலா, வயரிலா, காலிலா என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த மிதி. கழித்து எறிய ஒரு பொருளும் இல்லாத இடத்தில் வளர்ந்தவரிடம், “புதுசு ஒண்டு வாங்குங்கோ” என்ற வசனம் வாயில் வராது. கடைக்காரர்களுக்கு அவரைப் பிடிக்காது.

காசு என்றால் முகம் கறுக்கும். பண்டமாற்று என்றால் பறவாயில்லை. இரணைமடுத் தண்ணியில் விளைந்த நெல், முல்லைத்தீவுக் கருவாடு, பருவத்தில் ஒரு பெட்டி பாலைப்பழம். ஒரு கிராம சேவகர் தேன் போத்தல் கொடுத்ததாகக் கேள்வி. அந்தக் கிராம சேவகரின் கொம்பியூட்டரில் இப்போது ஐந்து விதமான பிரவுசர்கள் இருக்கின்றன. கேட்டது ஒன்றுதான்.

அவருடைய பலவீனமும் அங்கேதான். வேலை முடிந்தால் எழும்பத் தெரியாது. எக்ஸ்டென்சன் ஏறி, ஓரத்தில் சின்னச் சிவப்புக் கேடயம் தெரிந்தபோதே அவர் போயிருக்கலாம். “வந்தது வந்தனான், கேர்ணலையும் புதுசாக்கிவிடுறன்” என்றார். திரும்ப எழும்பிய லப்டொப்பில் வைபையைக் காணவில்லை. பிறகு அதன் பின்னால் போனார். அது பிரோட்கொம் சில்லு, அதற்குத் தனி டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க வைபை வேண்டும். கடைசியில் ரீச்சரின் போனை வயரில் கொழுவி டேற்றாவை எடுத்து ஏற்றினார். ரீச்சரின் மாத டேற்றா அதோடு சரி.

ஆச்சிக்குக் கவசம் ஓடியது. கணைக்கால் தாண்டியது, முழங்கால் தாண்டியது. விளம்பரம் இல்லை. லினக்ஸ் அண்ணை கைகட்டிக்கொண்டு நின்று கேட்டார். முடிந்ததும் ஆச்சி கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

“எடி பிள்ளை, நடுவிலை ஒரு பெடியன் வந்து காணி விலை சொல்லுறவனெல்லே, அவன் எங்கை?”

“அவனைத்தான் அம்மா நிப்பாட்டினது.”

“ஏன், அவன் என்ன செய்தவன்? பரந்தனிலை காணி என்ன விலைக்குப் போகுதெண்டு நான் அவனிட்டைத்தான் அறியிறனான்.”

லினக்ஸ் அண்ணையின் முகம் மலர்ந்தது. “அதுக்கு வழி இருக்கு ஆச்சி. அவனை மட்டும் விட்டு மற்றவையை மறிக்கலாம். ஒரு வடிகட்டி எழுதவேணும், அவ்வளவுதான்.”

ரீச்சர் லப்டொப்பைச் சாத்தி அதன்மேல் தேவாரப் புத்தகத்தை வைத்தார். “தம்பி, தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டு வெளிக்கிடும்.”

“தேத்தண்ணி ஆறட்டும் ரீச்சர்” என்றார் லினக்ஸ் அண்ணை, கதிரையை இழுத்துக்கொண்டு. “பாஸ்வேர்ட்டை மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ.”