ஆக்சிஜன் அடித்த கொள்ளை

எக்ஸ் கதிர் கைக்கு வந்ததும் ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்குத் தலைகால் புரியவில்லை. 1896-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டதன் மேலெல்லாம் அடித்துப் பார்த்தார். மின்சாரத்தை வாசற்படியிலேயே நிறுத்திவிடும் பாரஃபின்கூட லேசாக வழிவிட்டது. எலெக்ட்ரானையே அவர் மறுவருஷம்தான் கண்டுபிடிக்கப் போகிறார் என்பதால், உள்ளே ஓடுவது யார் என்று விசாரிக்க வழியில்லை.

1902-இல் பியர் கியூரி ரேடியத்தோடு வந்தார். பெட்ரோலியம் ஈதர், வாசலின் எண்ணெய் எல்லாம் கடத்தின. அடுத்து ஜெர்மனியின் ஜார்ஜ் யாஃபே, ஹெக்சேன் என்ற பெட்ரோலியத் திரவத்தை மெனக்கெட்டுச் சுத்தம் செய்து வருஷக்கணக்கில் அளந்தார். கிடைத்தது அயனிகளின் வேகம். சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட் கொடுத்தாலும் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் தாண்டினால் பெரிய விஷயம். எண்ணெய்க்குள் எலெக்ட்ரான் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று உலகம் அறுபது வருஷம் நிம்மதியாக இருந்தது.

அளந்தது எலெக்ட்ரானையே அல்ல, அதைக் கடத்திப் போனவனை! எண்ணெயில் கரைந்திருந்த துளி ஆக்சிஜன், எலெக்ட்ரானைக் கண்ட மாத்திரத்தில் கவ்விக்கொண்டு எதிர் அயனியாகி, ஆடி அசைந்து நடந்திருக்கிறது. யாஃபேயைக் குறை சொல்ல முடியாது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் போதும், எலெக்ட்ரானின் சுதந்திரம் மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும்.

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெர்னர் ஷ்மிட்டும் அகஸ்டின் ஆலனும் செய்தது, யோசித்துப் பார்த்தால், பாத்திரம் கழுவும் வேலைதான். திரவத்தைச் சிலிகா ஜெல்லில் வடித்து, வெற்றிடத்தில் வாயுவை உறிஞ்சி, திரும்பத் திரும்பக் கழுவினார்கள். பிறகு ஒரு எக்ஸ் கதிர்த் துடிப்பு. அதே 1000 வோல்ட்டில், ஹெக்சேனில் எலெக்ட்ரான் நொடிக்கு 90 சென்டிமீட்டர் போனது. அயனியைவிட நூறு மடங்கு. ஆனாலும் மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை.

உண்மையான கூத்து பென்டேனில். ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன். சங்கிலியாகக் கோத்தால் சாதாரண பென்டேன், நடுவில் ஒரு கார்பனை உட்கார வைத்து மற்ற நான்கையும் சுற்றி நிறுத்தினால் நியோபென்டேன். முதலாவதில் நொடிக்கு 160 சென்டிமீட்டர். இரண்டாவதில் 550 மீட்டர்! சரக்கு ஒன்றே, வடிவம் மட்டும் வேறு. வேகம் முந்நூறு மடங்குக்கு மேல். காற்றில் போகும் ஒலியே பின்தங்கிவிடும்.

சங்கிலி மூலக்கூறுகள் கன்னாபின்னாவென்று கிடப்பதால் நடுவே பள்ளங்கள் விழுகின்றன. எலெக்ட்ரான் நின்று நின்று போகும் டவுன் பஸ் மாதிரி ஒவ்வொன்றிலும் விழுந்து, வெப்பம் உதைத்தால் எழுந்து, அடுத்ததில் விழுகிறது. அதனால்தான் இன்னொரு சங்கிலியான ஹெக்சேனைச் சூடாக்கினால் வேகம் கூடுகிறது. உருண்டை மூலக்கூறுகளுக்கு எந்தப் பக்கமும் ஒரே முகம். பள்ளம் அரிது, எலெக்ட்ரான் அலையாக வழுக்கிப் போகிறது. உருண்டைக்கு உருண்டையான மீத்தேனைத் திரவமாக்கினால் நியோபென்டேனையும் ஏழு மடங்கு முந்துகிறது. அதன் அடுத்த வீட்டுக்காரன் ஈத்தேனோ, இரண்டே கார்பன் வைத்துக்கொண்டு, மீத்தேனில் நானூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இந்த வடிவ விவகாரத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்களில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து கார்டன் ஃப்ரீமன் முக்கியமானவர். திரவத்தில் கதிர்வீச்சின் தடம் சீராக இருக்காது, அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும் என்பது அவருடைய துறை. நல்ல துறை. அதோடு விட்டிருக்கலாம். 1990-இல் அதே கணக்கை மனித சமுதாயத்தின் மேல் போட்டு, வேலைக்குப் போகும் அம்மாக்களால்தான் பிள்ளைகள் பரீட்சையில் காப்பியடிக்கிறார்கள் என்ற ரீதியில் ஒரு கட்டுரை எழுதினார். அச்சிட்டது கனடாவின் இயற்பியல் ஆய்விதழ், தெரியுமோ! பெரிய ரகளையாகி, இது நம் இதழில் வந்திருக்கவே கூடாது என்று ஆசிரியர் தரப்பே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அம்மாக்களைச் சிலிகா ஜெல்லில் வடித்துப் பார்த்ததாக அந்தக் கட்டுரையில் தகவல் இல்லை.